மண்டியில் இருந்த மருந்து

வணக்கம் நேயர்களே. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். ஊசி குத்தக் கையை நீட்டிக்கொண்டே ஆண்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி சர்க்கரையைப் பற்றியது இல்லை, கொழுப்பைப் பற்றியதும் இல்லை. "மேடம், பீர் மட்டும் அளவா குடிச்சா உடம்புக்கு நல்லதுதானே?" இதுதான். கிட்னியில் கல் இருக்கிறவர் கல் கரையும் என்பார், ஒல்லியாக இருக்கிற பையன் உடம்பு தேறும் என்பான், சித்திரை வெயிலில் வந்தவர் சூட்டைத் தணிக்கும் என்பார். எல்லோருக்கும் யாரோ ஒருத்தர் சொல்லியிருப்பார்கள்.

நல்லது இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. பீர் காய்ச்சும் தொழிலிலிருந்து மருத்துவத்துக்கு ஒரு பெரிய நன்மை கிடைத்தது, அது எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியது, அதில் நம் சென்னைக்கும் குன்னூருக்கும்கூட பங்கு உண்டு. ஆனால் அந்த நன்மை கிளாசில் ஊற்றுகிற பீரில் இல்லை. பீப்பாய்க்கு அடியில் தங்குமே மண்டி, அதில் இருந்தது. கள்ளுப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். கள்ளை ஊற்றி ஆப்ப மாவு புளிக்க வைத்த வீடுகள் நிறைய. அதே சமாசாரம்தான், ஈஸ்ட்.

இங்கிலாந்தில் பர்ட்டன் என்று ஒரு ஊர், பீருக்குப் பேர் போனது. அங்கே பீர் இறக்கியபின் மிஞ்சுகிற ஈஸ்ட்டைக் காய்ச்சிச் சுண்டவைத்து, 1902-இல் 'மார்மைட்' என்று ஒரு பண்டம் செய்ய ஆரம்பித்தார்கள். இலங்கை நேயர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கேள்விப்படாதவர்களுக்கு: கரும்புப் பாகு தீய்ந்தால் எப்படி இருக்கும், அந்த நிறம், அந்தப் பிசுபிசுப்பு. ஆனால் இனிப்பு துளியும் இல்லை, ஒரே உப்பு. கரண்டியில் எடுத்தால் நூலாக இழுக்கும். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை ஒன்று மூக்கில் ஏறும்.

இனி லூசி வில்ஸ் கதைக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன். 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேயப் பெண் மருத்துவர் அவர். அங்கே ஜவுளி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண ரத்தசோகை இல்லை. சாதாரணமாக இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சின்னதாக, வெளிறி, நடுவில் வெறுமையாக இருக்கும். இந்தப் பெண்களுக்கு அதற்கு நேர்மாறாக, அணுக்கள் பெரிசு பெரிசாக இருந்தன. நானே எத்தனையோ ஸ்லைடுகளில் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் முட்டை வடிவத்தில் உப்பி நிற்கும். பக்கத்தில் இருக்கும் வெள்ளணுவின் கரு, மூன்று நாலு மடலாக இருக்க வேண்டியது, ஆறு மடலாகப் பிரிந்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. (வைட்டமின் பி-12 குறைந்தாலும் இதே படம்தான் வரும், அதை இன்னொரு நாள் பேசலாம்.)

வில்ஸ் ஏழைப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். கீரை, பழம், பால் எல்லாம் ரொம்பக் குறைவு. சரி, சாப்பாட்டில்தான் ஏதோ ஒன்று இல்லை என்று பிடித்துக்கொண்டார். 1929-இல் சில மாதம் நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இதே வேலையைத் தொடர்ந்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆமாம், இப்போது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்கிறோமே, அதேதான். நம்மில் எத்தனை பேர் பிறந்த இடம் அது!

அந்தக் காலத்தில் ரத்தசோகைக்கு ஈரல் சாறு கொடுப்பார்கள், விலை ஜாஸ்தி. வில்ஸ் கையில் எடுத்தது மலிவான மார்மைட்டை. பீர் ஆலையின் மண்டி. சாகக் கிடந்த பெண்கள் அதைச் சாப்பிட்டுப் பிழைத்து எழுந்தார்கள். 1931-இல் அதை எழுதி வெளியிட்டார். ஈஸ்ட்டில் எது வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது, வெறுமனே 'வில்ஸ் பொருள்' என்றுதான் பெயர். 1941-இல் அதே பொருளைப் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள், லத்தீனில் இலைக்கு உள்ள சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு மாத்திரை கொடுக்கிறார்களே, அதில் இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. மார்மைட் டப்பாவில் அந்த அம்மா கண்டுபிடித்தது அதுதான். குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுக்க வேண்டுமென்றால் கருத்தரிக்கும் முன்பிருந்தே அது உடம்பில் இருக்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடி சொல்கிறேன், நன்மை மண்டியில். அப்போது பீரிலும் கொஞ்சம் இருக்காதா என்று கேட்பீர்கள். ஈஸ்ட்டை வடிகட்டித்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். மிஞ்சுகிற ஃபோலேட், அதாவது உணவில் இயற்கையாக இருக்கிற ஃபோலிக் அமில வகை, கொஞ்சம்தான். அதைவிட முக்கியம், தொடர்ந்து குடித்தால் அந்த ஃபோலேட்டைக் குடல் உறிஞ்சுவதையும் உடம்பு சேர்த்துவைப்பதையும் ஆல்கஹாலே கெடுக்கிறது.

ஒருவர் என்னிடம் வந்தார், நாற்பது வயசு இருக்கும். கல்லுக்காகப் பீர் குடிக்கிறேன், தினம் ஒரு பாட்டில், ரெண்டு வருஷமாக, மற்றபடி எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்றார். அவரை நான் சந்தேகப்படவில்லை, மருந்து என்று நம்பித்தான் குடித்தார். உங்கள் வீட்டில் பழைய ரத்த ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் சராசரி அளவு. 80-லிருந்து 100 வரை சரி. அவருக்கு 104. ஸ்லைடைப் போட்டுப் பார்த்தேன், அணுக்கள் பெரிசு பெரிசாக. எந்தப் பெரிய அணுவைப் பீரின் மண்டி குணப்படுத்தியதோ, அதே பெரிய அணு பீர் குடித்தவர் ரத்தத்தில். எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார். நாலு மாதத்தில் எம்.சி.வி. 93-க்கு வந்தது. கல் அப்படியேதான் இருந்தது.

கல் விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கிற ஆண்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 1999-இல் வந்தது. பீர் குடிப்பவர்களுக்குப் புதிதாகக் கல் உண்டாவது குறைவு என்றது, அது உண்மை. ஆனால் புதிதாக வராமல் இருப்பது வேறு, ஏற்கெனவே இருக்கிற கல் கரைவது வேறு. நம் ஊரில் அதிகம் பார்க்கிற கால்சியம் ஆக்ஸலேட் கல் பீரில் கரையாது. பீர் குடித்தால் சிறுநீர் நிறையப் போகும், அந்த வேகத்தில் சின்னக் கல் விழுந்திருக்கும், பேர் பீருக்குப் போய்விடும். கூடவே பீர், மூட்டில் படிந்து வலி கொடுக்கிற யூரிக் அமிலத்தை ரத்தத்தில் ஏற்றும். கால் பெருவிரல் வீங்கித் துடிக்கிற கவுட் நோய்க்கு, சாராய வகைகளிலேயே பீரோடுதான் நெருக்கம் அதிகம்.

சரி, அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்று பேப்பரில் வருகிறதே? வருகிறது. நல்ல கொழுப்பு என்கிறோமே, ஹெச்.டி.எல்., அது கொஞ்சம் ஏறுவதும் உண்மைதான். ஆனால் ஒப்பிடுவது யாரோடு என்று பாருங்கள். உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். "நான் தொடறதே இல்லை" என்று சொல்கிறவர்களில் ஒருத்தர் பிறந்ததிலிருந்தே குடிக்காதவர். இன்னொருத்தர் மஞ்சள் காமாலை வந்து, டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, போன வருஷம் நிறுத்தியவர். ரெண்டு பேரையும் 'குடிக்காதவர்' என்று ஒரே கட்டத்தில் போட்டால் அந்தக் கட்டம் நோயாளிக் கட்டமாகத்தானே தெரியும்? அதன் பக்கத்தில் நின்றால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியசாலியாகத்தான் தெரிவார். பிரிட்டனில் ஷேப்பர் என்ற ஆய்வாளர், நடுத்தர வயது ஆண்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடர்ந்து 1988-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். உடம்பு கெட்டு நிறுத்தியவர்களைத் தனியே எடுத்து வையுங்கள் என்பதுதான் அவர் சொன்னது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ரெண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். சீனாவில் மரபணுவை வைத்து நடந்த பெரிய ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது. 2019-இல் வந்தது, அளவாகக் குடிப்பது பக்கவாதத்திலிருந்து காக்கும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை, குடி ஏற ஏற ஆபத்தும் ஏறியது. 1988-லிருந்தே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. பீருக்குத் தனிச் சலுகை இல்லை.

'அளவு' என்றால் எவ்வளவு, இதையாவது சொல்லிவிடுகிறேன். நம் கடையில் கிடைக்கிற பெரிய பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் என்றால் 8 சதவீதம் வரை ஆல்கஹால். கணக்குப் போட்டால் 52 மில்லி, அதாவது 41 கிராம் சுத்த ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' 14 கிராம். ஒரே பாட்டிலில் கிட்டத்தட்ட மூன்று! பிரிட்டனில் 2016-லிருந்து வாரத்துக்கு 112 கிராமைத் தாண்டாதீர்கள் என்கிறார்கள். அதாவது ஒரு வாரம் முழுக்கச் சேர்த்து நம் ஸ்ட்ராங் பாட்டில் மூன்றுகூட இல்லை. என்னிடம் வந்தவர் தினம் ஒன்று குடித்தார், அதை அளவு என்று முழு மனசோடு நம்பினார்.

கல் இருப்பவர்கள் ஸ்கேனோடு டாக்டரைப் பாருங்கள், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். கவுட் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதிவைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. கேள்வி இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், பதில் எழுதுகிறேன். வணக்கம்.