இலக்கு ஆலை முழுவதற்கும் தெரியட்டும்

(எரிசக்தி சேமிப்பு நாளையொட்டிப் பாளையங்கோட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அழகு செய்யும் ஆலை அதிபர்களே, மின்வாரியப் பொறியாளர்களே, இரவு ஷிஃப்ட் முடித்து உறங்காமல் வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். மழையைப் பாராது கங்கைகொண்டானிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வந்த அன்பர்களுக்கும், நான் பெயர் சொல்ல விட்டுப்போன பெரியோர்களுக்கும் என் நன்றி.

சட்டம், செலவு, சொல்லும் முறை ஆகிய மூன்றைப் பற்றியும் பேச எண்ணினேன். 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின்படி, எரிசக்தியைப் பெருமளவில் செலவிடுவோர் என அரசு அறிவித்த ஆலைகள் எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும். ஆனால் ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் பிடித்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நூற்பாலைக்குப் போயிருந்தேன். மின்செலவைக் குறைக்கும் இலக்கைக் கண்ணாடிச் சட்டமிட்டு, விருந்தினர் அறையில் மாட்டியிருந்தார்கள். அன்று விடுமுறை, எந்திரங்கள் நின்றிருந்தும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் மட்டும் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. உடன் வந்த ஃபிட்டர், நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் எந்திரத்தின் அருகே 'உஸ்' என்று இரைந்த குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். குமிழி குமிழியாகப் பொங்கியது. எவ்வளவு நாளாக இந்தச் சத்தம் என்று கேட்டேன். "தீவாளிக்கு முன்னாடியே கேக்கு அண்ணாச்சி. காத்துக்கு யாரு துட்டு கேக்கப் போறான்னு விட்டுட்டோம்" என்றார். அந்தக் காற்றை அழுத்தித் தருவது மின்சாரந்தான் என்பதையும், ஆலையில் மிக அதிக விலை கொடுத்துப் பெறும் பொருள்களுள் அதுவும் ஒன்று என்பதையும் அவரிடம் எவரும் சொன்னதில்லை. சொன்னதும், மாலைக்குள் கசியும் இணைப்புகளையெல்லாம் தேடிச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டுவிட்டார். காது அவரிடம் இருந்தது. கணக்கோ அலுவலகத்தில் இருந்தது.

ஆலைக்குள் காற்றைச் செலுத்தும் விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளருக்குத் தெரியும். எந்த நேரத்தில் அப்படிக் குறைத்தால் நூல் அறாது என்பது அங்கே நின்று வேலை பார்ப்பவருக்குத் தெரியும். இருவரும் பேசிக்கொள்ள வேண்டாமா? ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே, என் கோரிக்கை ஒன்றே. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மீட்டர் வையுங்கள். வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் இலக்கு, முந்தைய ஷிஃப்டில் எத்தனை யூனிட் ஆயிற்று என்பதை, அப்பிரிவுத் தொழிலாளியே தம் கைப்பட எழுதட்டும். தை முதல் நாளிலிருந்து இதைத் தொடங்குவதென்று இம்மேடையிலேயே தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு தலைவர் அவர்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.