ஸ்கீயிங் தெரியாதவங்களுக்கு குல்மர்க்

[காட்சி: வெள்ளைச் சரிவு. ஒருத்தர் ஸ்கீயில சர்ருனு இறங்கி வர்றார். கேமரா திரும்புது. ஓரத்துல வாடகைக் கோட்டுக்குள்ள புதைஞ்சு ஒரு குடும்பம்.]

ஸ்கீயிங் பண்றவரை விட்டுடுங்க. இந்த வீடியோ ஓரத்துல நிக்கிற குடும்பத்துக்கு. பனியைப் பார்க்கணும்னு ஆசை இருக்கு, ஆனா கால்ல பலகையைக் கட்டிக்கிட்டு மலையிலிருந்து பாயுற தைரியம் இல்லை. அப்படின்னா காஷ்மீர்ல இருக்கிற குல்மர்க் போய் என்ன பண்றது, எப்போ போறது, எங்க ஏமாறுவோம்? வாங்க.

முதல்ல ஒரு கணக்கு. ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மர்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம்! அங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிடுறோம், இங்க இடுப்பளவு பனி. தொட்டபெட்டா 11 டிகிரி வட அட்சரேகையில இருக்கு, குல்மர்க் 34 டிகிரியில. குளிருக்கு அது காரணம். பனிக்குக் காரணம், மத்தியதரைக் கடல் பக்கத்துல உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டி வர்ற காற்றுச் சுழற்சி. வானிலைச் செய்தியில 'மேற்கத்திய இடையூறு'ன்னு வாசிப்பாங்களே, அதேதான். நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, காஷ்மீருக்கு இது அப்படி. வந்தா கொட்டும், வராட்டி காய்ஞ்சு கிடக்கும்.

வராட்டி என்ன ஆகும்? 2024 ஜனவரியில பொங்கல் லீவுக்குப் போனவங்களுக்குப் பழுப்புப் புல்தான் தரிசனம். மாசக் கடைசியிலதான் பனி விழுந்துச்சு. 2025-ல குல்மர்க்ல நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி பத்தலைன்னு பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினாங்க. காஷ்மீர்க்காரங்க டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளை 'சில்லை கலான்'னு சொல்வாங்க, கடுங்குளிர் காலம். அது முடியுற நேரம், அதாவது ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூணாவது வாரம் வரைக்கும், என் ஓட்டு அதுக்குத்தான். வீட்டுல பிளஸ் டூ பிள்ளை இருந்தா இந்த வருஷம் மறந்துடுங்க.

[காட்சி: தங்மர்க். வரிசையா நிக்கிற டாக்ஸிகள், சக்கரத்துல சங்கிலி மாட்டுறாங்க.]

இப்போ முக்கியமான விஷயம். நம்ம ஊர் பேக்கேஜ் டூர்ல பெரும்பாலும் குல்மர்க் ஒரு பகல் சமாச்சாரம். ஸ்ரீநகர்ல தங்கல், காலையில கிளம்பல், சாயங்காலம் திரும்பல். தூரம் 50 கிலோமீட்டர்தான், ஆனா பனி விழுந்தா கடைசி 13 கிலோமீட்டருக்கு சங்கிலி போட்ட வண்டி வேணும். ஸ்ரீநகர் டாக்ஸி மலையடிவாரத்துல இருக்கிற தங்மர்க்லயே நின்னுடும், அங்க வேற வண்டி மாறணும்.

நான் முதல் தடவை அம்மாவோட போனது இப்படித்தான். வண்டி மாறி, கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுத்து, மேல போய்ச் சேர மணி பன்னிரண்டரை. டிரைவர் "மூணு மணிக்கு வண்டியில இருக்கணும்"னுட்டார். ரெண்டரை மணி நேரத்துல ஒரு மணி நேரம் ஸ்லெட்ஜ்காரங்களோட, அதாவது பனியில சறுக்குப் பலகை இழுக்கிறவங்களோட, பேரம். அம்மா பார்த்த குல்மர்க், மிதிபட்டு சாம்பல் நிறமாகிப்போன பனி. இவ்வளவு தூரம் பறந்து போய் இதுக்கா?

அடுத்த தடவை ரெண்டு ராத்திரி குல்மர்க்லயே தங்கினோம். அப்பதான் விஷயம் புரிஞ்சது. நாலு மணிக்கு மேல பகல் கூட்டம் இறங்கிடும். புல்வெளி முழுக்க நம்மளோடது. காலையில ஏழரைக்கு ஜன்னலைத் திறந்தா ராத்திரி விழுந்த பனியில ஒரு கால்தடம் இருக்காது, நாய்த்தடம் மட்டும். வானம் தெளிவா இருந்தா வடக்கே நங்கா பர்பத் தெரியும், 8,126 மீட்டர். ஸ்கீயிங் தெரிஞ்சவனுக்குச் சரிவு வேணும். நமக்கு வேண்டியது இந்த ரெண்டு வேளையும்தான். பேக்கேஜ்காரர்கிட்ட வேற எதைக் குறைச்சாலும் சரி, இந்த ரெண்டு ராத்திரியைக் கேட்டு வாங்குங்க.

ரூம் போடும்போது கேட்க வேண்டியது வியூ இல்லை, ஹீட்டிங். "ராத்திரி முழுக்க ஓடுமா, கரன்ட் போனா என்ன?"ன்னு கேளுங்க. சில இடங்கள்ல புகாரி, அதாவது விறகு அடுப்பு வெச்சிருப்பாங்க. அருமையா இருக்கும். ஆனா தணலை வெச்சுக்கிட்டு ஜன்னலை இறுக்க மூடித் தூங்காதீங்க. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

அடுத்து, கோண்டோலா, அதாவது மலை மேல போற கேபிள் கார். டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைன்ல எடுத்துடணும், அங்க போய்ப் பார்த்துக்கலாம்னு போனா கீழேயே நிக்க வேண்டியதுதான். முதல் கட்டம் கோங்தூரி வரைக்கும், 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டாவது கட்டம் அப்பர்வாட், 3,950 மீட்டர் தாண்டும். ரெண்டாவதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க. நான் சொல்றேன், வயசானவங்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தா முதல் கட்டமே போதும். அப்பர்வாட் உயரத்துல காற்றழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல சுமார் 60 சதவீதம்தான், நாலு படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்கும். காத்து பலமா இருந்தா ரெண்டாவது கட்டத்தை நிறுத்தியும் வெச்சிடுவாங்க. மேல போனாலும் கயிறு கட்டின எல்லையைத் தாண்டாதீங்க. 2023 பிப்ரவரியில அப்பர்வாட் பக்கம் பனிச்சரிவுல ரெண்டு போலந்துக்காரங்க இறந்தாங்க, அவங்க ஸ்கீயிங் தெரிஞ்சவங்க.

[காட்சி: ஒரு கை கம்பூட்டுக்குள்ள போகுது.]

இது ஒரு நிமிஷம் பாருங்க. வாடகைக் கம்பூட் வாங்கினதும் முதல்ல சைஸ் பார்க்காதீங்க. கையை உள்ள விட்டு விரல் நுனி வரைக்கும் தடவுங்க. நேத்து போட்டவர் காலோட ஈரம் இருந்தா வேற கேளுங்க. ஈர ரப்பருக்குள்ள கால் போச்சுன்னா, அரை மணி நேரத்துல விரல் இருக்கா இல்லையான்னே தெரியாது. ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது. காட்டன் பனியனும் அப்படித்தான், அதுக்குப் பதிலா தெர்மல். கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லை, புதுப்பனி புற ஊதாக்கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி முகத்துல அடிக்கும்.

சரி, பகல்ல என்ன பண்றது? கிராமத்தைச் சுத்திப் பைன் காட்டு வழி நடக்கலாம். ஆங்கிலேயர் காலத்து செயின்ட் மேரீஸ் சர்ச் வரைக்கும் போய் வரலாம். தங்மர்க் பக்கத்துல துரங் அருவி இருக்கு, கடுங்குளிர்ல அப்படியே உறைஞ்சு சரவிளக்கு மாதிரி தொங்கும். ஸ்லெட்ஜ் ஒரு தடவை போங்க, பிள்ளைகள் விடாது. ஏறுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி: எதுவரைக்கும், எத்தனை பேருக்கு, திரும்பி வர்றதும் சேர்த்தா? ஸ்லெட்ஜ்காரங்க பின்னாடியே வர்றாங்கன்னு கோபப்படாதீங்க, பனி இருக்கிற வரைக்கும்தான் அவங்களுக்கு இந்தச் சம்பாத்தியம்.

எங்களை இழுத்த பெரியவர் அம்மா கை நடுங்குறதைப் பார்த்து, தன் ஃபெரனுக்குள்ளிருந்து, அதாவது காஷ்மீர்க்காரங்க போடுற நீள அங்கிக்குள்ளிருந்து, காங்கிரியை எடுத்துக் கொடுத்தார். மண் சட்டி, அதைச் சுத்திக் கூடைப் பின்னல், உள்ள சாம்பல் மூடின தணல், கிளறிவிட ஓரத்துல ஒரு சின்னக் கரண்டி. அம்மா ஷாலுக்குள்ள வெச்சுக்கிட்டு "நம்ம கும்முட்டி அடுப்பைக் கையில தூக்கிட்டு நடக்கிறாங்கடா"ன்னாங்க. அப்புறம் திருப்பிக் கொடுக்க மனசே வரலை.

இன்னும் சில விஷயம். நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டா ஒரு நம்பராவது வேணும். 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் பல சுற்றுலா இடங்களை மூடிட்டுப் படிப்படியாத் திறந்தாங்க, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி எது திறந்திருக்குன்னு பார்த்துடுங்க. பனி கொட்டினா ஸ்ரீநகர் விமானம் தாமதமாகும், ரத்தும் ஆகும். 2025 ஜூன்லிருந்து ஸ்ரீநகர்லிருந்து ஜம்மு பக்கம் இருக்கிற கத்ராவுக்கு வந்தே பாரத் ரயில் இருக்கு, மாற்று வழியா மனசுல வெச்சுக்கோங்க.

[காட்சி: விடியாத ஸ்ரீநகர் சந்து. ஆவி பறக்கிற பெரிய அண்டா.]

அதனால கடைசி ராத்திரி குல்மர்க்ல வேண்டாம், ஸ்ரீநகர்ல தங்குங்க. அதுல ஒரு லாபமும் இருக்கு. பழைய ஊர்ல குளிர்காலத்துல மட்டும் ஹரீஸா விப்பாங்க. ஆட்டுக்கறியை அரிசியோட ராத்திரி முழுக்க வேகவெச்சு, எலும்பை எடுத்து, மசிச்சு மசிச்சு விழுதாக்கி, மேல கொதிக்கிற எண்ணெயை ஊத்தித் தருவாங்க. கூடத் தந்தூர் ரொட்டி. அலாரம் வெச்சு ஆறரைக்கே போயிடுங்க. நாங்க குளிச்சு முடிச்சு ஒன்பது மணிக்குப் போனோம், அண்டாவைக் கழுவிட்டு இருந்தாங்க.