முன்சக்கரம் முதலில் தொட்டால்

நேயர்களுக்கு வணக்கம். பயிற்சி விமானம் தரையிறங்கும்போது முன்சக்கரம் ஒடிந்தது, மாணவர் காயமின்றித் தப்பினார் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அந்த விபத்து நடந்து முடிய ஐந்தாறு நொடி போதும். ஆனால் அது தொடங்குவது தரையைத் தொடுவதற்கு வெகு முன்பே.

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் பார்க்கும் செஸ்னா 172 விமானத்தின் எஸ் மாடலையே எடுத்துக்கொள்வோம். ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் மடங்கி இறங்கும் பலகையை, முழுக்க இறக்கி ஓடுபாதையை நெருங்க 60 முதல் 70 நாட் வேகம் போதும். 65 நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். புது மாணவர் பயத்தில், இருக்கட்டுமே என்று 75 வைத்துக்கொள்வார். கூடியது பத்து நாட்தான். இயக்க ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தரையை ஒட்டி வந்ததும் இறக்கை நுனிச் சுழல்களைத் தரை தடுப்பதால் இழுவை குறைகிறது. விமானம் உட்காராமல் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும். அப்போதுதான் விமானத்தை உட்கார வைக்கும் அவசரத்தில் கை கண்ட்ரோலை முன்னால் தள்ளிவிடுகிறது; மூக்கு கீழே சாய்கிறது.

பின்சக்கரங்களின் கால்கள் வளைந்து கொடுக்கும் எஃகு. அடி வாங்கவே செய்தவை. முன்சக்கரத்தின் கால் அப்படியில்லை; எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் என்ற மெல்லிய தகட்டுச் சுவரில் பொருத்தியிருக்கிறது. முன்சக்கரம் முதலில் மோதினால் மூக்கு மேலே எகிறும். அதனால் ஏற்றுவிசை கூடி விமானம் மறுபடி காற்றில் எழும். மாணவர் பதறி மூக்கைக் கீழே அழுத்துவார். ஆனால் வேகம் குறைந்து மூக்கு தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து இன்னும் பலமாக மோதும். இப்படிக் குதிக்கக் குதிக்க ஒவ்வொரு குதியும் பெரிதாகும். முன்கால் மடங்கினால் ப்ரொப்பெல்லர் ஓடுபாதையைக் கொத்தும்.

குதித்தது சிறிதென்றால் மூக்கைச் சற்றே தூக்கிய நிலையில் அப்படியே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து, பின்சக்கரங்களில் உட்கார வைக்கலாம். பெரிதென்றால் யோசிக்கவே வேண்டாம், கோ-அரவுண்ட்; அதாவது இறங்குவதை விட்டு மறுபடி மேலேறிவிட வேண்டும். எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டில் முழுதும் முன்னே. விமானம் இடப்பக்கம் இழுக்கும், வால் சுக்கானைத் திருப்பும் வலது ரட்டர் மிதி வேண்டும். இறங்குவதற்கு வைத்த ட்ரிம், அதாவது கை அழுத்தாமலே மூக்கை ஒரு நிலையில் பிடித்துவைக்கும் அமைப்பு, மூக்கை மேலே தூக்கும். கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஃபிளாப்பை 20 டிகிரிக்கு ஏற்றி, 60 நாட் வேகத்தில் மேலேறுங்கள். ஃபிளாப்பை ஒரேயடியாக முழுக்க ஏற்றினால் விமானம் அமிழ்ந்து தரையில் விழும். இந்த ஒரு தவறு குதித்ததைவிட மோசமானது. இன்ஸ்ட்ரக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவரைத் தனியாக அனுப்புமுன் குதித்த விமானத்தை மீட்பதை அவர் கையாலேயே பலமுறை செய்யவையுங்கள். சொல்லிக்கொடுத்தால் போதாது.

விமானம் தானாகவே உருண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டாலும் அடுத்த மாணவரிடம் கொடுத்துவிடக் கூடாது. எஞ்சின் மூடியின் அடிப்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபயர்வாலை ஒட்டிய தகட்டில் துணி கசங்கினாற்போல் மடிப்போ, ரிவெட்டைச் சுற்றிப் பெயின்ட் உதிர்ந்திருப்பதோ தெரிந்தால் அந்தச் சுவர் நெளிந்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் தரையைத் தொட்டிருந்தால், நுனி லேசாக வளைந்ததுதானே என்று தட்டி நிமிர்த்தக் கூடாது. அடி ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் எஞ்சின் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வரை போயிருக்கும். இந்த விமானத்தில் உள்ளது போன்ற லைக்காமிங் நிறுவன எஞ்சின்களில் அந்தத் தண்டின் பின்முனைப் பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டையும் சிறு முளையையும் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமான நிர்வாகம் 2004இல் உத்தரவே போட்டிருக்கிறது. அந்தப் போல்ட் விட்டுப்போனால் எஞ்சின் நடுவானில் நின்றுவிடும்.