பெண்ணியத்தை எதிர்ப்பவர்கள் எதைக் காப்பாற்ற விரும்புகிறார்கள்? சென்னையின் நூறாண்டு விவாதம்

[திரையில்: கர்சன் பிரபுவின் உருவப்படம்]

வணக்கம். 1905-இல் வங்கத்தைப் பிரித்த வைஸ்ராய் என்று நமது பள்ளிப் பாடநூல்கள் அறிமுகப்படுத்தும் கர்சன் பிரபுவுக்கு, அவை சொல்லாத இன்னொரு பதவியும் இருந்தது. இங்கிலாந்து திரும்பிய பின்னர், பெண்களுக்கு வாக்குரிமை வழங்கக் கூடாது என்று இயங்கிய தேசியச் சங்கத்துக்கு அவர் தலைமை தாங்கினார். வாக்குரிமையை மறுப்பதற்குப் பதினைந்து காரணங்களைத் தொகுத்தும் வெளியிட்டார். அந்த உரிமை இந்தியாவில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, அங்கே பிரிட்டனின் பலத்தைக் குறைத்துவிடும் என்பது அவற்றுள் ஒன்று.

இந்தியா அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதற்குச் சென்னையே சான்று. 1917-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் இக்கோரிக்கையை எழுப்பியது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த 1921-இல், மாகாணச் சட்டமன்றம் வாக்காளர் தகுதியிலிருந்து பால் வேறுபாட்டை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டனில் ஆண்களுக்கு நிகராகப் பெண்கள் வாக்களிக்க முடிந்தது 1928-இல்தான். சென்னையிலும் சொத்து உள்ளவருக்கே வாக்கு என்ற விதி நீடித்ததால், உண்மையில் பயன்பெற்ற பெண்கள் சிலரே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கர்சனின் காரணப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. பெண்ணியத்துக்கு எதிரான அரசியல், பெண் தாழ்ந்தவள் என்று வாய்விட்டுச் சொல்வதைவிட, வேறு ஏதோ ஒன்றைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்வதே மிகுதி. பேரரசு, மரபு, குடும்பம், சில வேளைகளில் சமூக நீதி என்று அந்தப் பெயர் மட்டும் மாறும். அந்தக் காப்பாற்றுதல் சில சமயம் உண்மையானதாகவும் இருக்கும் என்பதுதான் இந்த விவாதத்தைக் கடினமாக்குகிறது.

[திரையில்: சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி]

தேவதாசி ஒழிப்பு விவாதத்தை எடுத்துக்கொள்வோம். சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் கோரினார். மரபும் கலையும் அழியும் என்று சத்தியமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்தது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் தேவதாசிகளே சங்கமாகத் திரண்டு எதிர்ப்பு மனு அளித்தனர்; பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னின்றார். அவர்களது வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மற்ற இந்துக் குடும்பங்களில் மகளுக்கு மகனுக்கு நிகரான சொத்துரிமை இல்லாத காலத்தில், தேவதாசிகள் சொத்து வைத்திருந்தனர், பெண் குழந்தையைத் தத்தெடுத்தனர், அந்தச் சொத்தை மகளுக்கே விட்டுச் சென்றனர். தங்களைக் கேட்காமல் தங்களை மீட்க வருவோர், கையில் இருப்பதையும் பறித்துவிடுவார்களோ என்பதே அவர்களது அச்சம்.

அதே மரபில் பிறந்து, அதன் கொடுமையை நேரில் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ, ஒழிப்பே தீர்வு என்று ஊர் ஊராகப் பேசினார். ஆக, இரு பக்கமும் பெண்கள் நின்றனர். சட்டம் 1947-இல் நிறைவேறியது. என் பார்வையில் ஒழிப்பு சரியே. சிறுமியின் வாழ்க்கையை அவளுக்கு விவரம் தெரியும் முன்னரே முடிவுசெய்யும் ஒரு முறைக்கு எந்தக் கலையும் நியாயமாகாது. எனினும் நாகரத்தினம்மாளையும் கர்சனையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. நாகரத்தினம்மாள் காக்க முயன்றது பெண்களின் கையில் அப்போது இருந்த உரிமையை.

[திரையில்: புனித ஜார்ஜ் கோட்டை]

இனி 1989 மார்ச் 25. அன்று கோட்டையில் முதல்வர் கருணாநிதி நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தொடங்கியபோது அமளி வெடித்தது. தமிழ்நாட்டின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரான ஜெயலலிதா, அவையில் தான் தாக்கப்பட்டதாகவும் தன் சேலை இழுக்கப்பட்டதாகவும் குற்றம் சாட்டினார், தி.மு.க. அதைத் தொடர்ந்து மறுத்து வந்துள்ளது. திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை வழங்கிய தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் நாளும் அதுவே. சொத்துரிமையில் நாட்டின் பெரும்பகுதியை முந்தி நின்ற அதே அவையில், அதிகாரத்துக்குப் போட்டியிட வந்த ஒரு பெண்ணை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு அன்று ஒழுங்கான விடை இருக்கவில்லை.

[திரையில்: பழைய நாடாளுமன்றக் கட்டடம்]

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா முதன்முதலில் 1996-இல் வந்தது. 1998-இல் சட்ட அமைச்சராக இருந்த நம் தம்பிதுரை அதை அறிமுகம் செய்ய எழுந்தபோது, ராஷ்ட்ரிய ஜனதா தள உறுப்பினர் ஒருவர் மசோதாவின் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். எதிர்த்தவர்களின் முக்கிய வாதம், உள் ஒதுக்கீடு இல்லையென்றால் முன்னேறிய சாதிப் பெண்களே எல்லா இடங்களையும் பிடித்துக்கொள்வார்கள் என்பது. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டைப் போராடிக் காத்த தமிழ்நாட்டில் இந்த வாதத்தைப் போலி என்று யாரும் தள்ளிவிட மாட்டார்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு மசோதாவிலேயே உள் ஒதுக்கீடு இருந்தது, பிற்படுத்தப்பட்டோருக்கு இல்லை.

ஆனால், திருத்தம் கேட்பது ஒன்று, தாளைக் கிழிப்பது வேறொன்று. திருத்தம் கேட்பவர், அது கிடைக்கும் வரை தமது கட்சியின் வேட்பாளர் பட்டியலிலாவது பிற்படுத்தப்பட்ட பெண்களை நிறுத்திக் காட்டலாமே! அதைச் செய்தவர்கள் மிகச் சிலர். இந்த மசோதா 2010-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையில் நின்றுபோனது. பின்னர் 2023-இல் புதிய மசோதா மக்களவையில் 454 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் இருவர் மட்டுமே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு அது சட்டமானதால், எதிர்ப்பால் முன்பு கிடைத்த தாமதம் இப்போது ஆதரவு வாக்கோடு சேர்ந்தே கிடைத்தது.

[திரையில்: ரிப்பன் மாளிகை]

உள்ளாட்சியில் நிலைமை வேறு. தமிழ்நாடு 2016-இல் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியது. 2022-இல் ஆர். பிரியா, சென்னை மேயரான முதல் தலித் பெண் ஆனார். அந்தப் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இங்கே எழும் எதிர்ப்பு, 'கவுன்சிலர் அம்மா பெயருக்குத்தான், எல்லாம் வீட்டுக்காரர்தான்' என்பது. பல வார்டுகளில் அது உண்மை. கணவர் தொலைபேசியை எடுப்பதும், ஆய்வுக்கு வருவதும் ஊரறிந்தவை. ஆனால் கணவர் குறுக்கிடுவதற்கான தண்டனை மனைவியின் பதவியைப் பறிப்பதாக ஏன் இருக்க வேண்டும்?

ஒதுக்கீடு இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு 2021 சட்டமன்றத் தேர்தல் போதும். வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். 234 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர். நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது, ஆனால் அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. வெல்லக்கூடிய கட்சிகளோ, அண்ணா அறிவாலயத்திலும் இராயப்பேட்டை தலைமை அலுவலகத்திலும் நேர்காணல் நடத்தி, 'வெற்றி வாய்ப்பு' என்ற அளவுகோலால் வேட்பாளரைத் தேர்கின்றன. தொகுதியில் சாதி பலம் எவ்வளவு, செலவுக்கு வழி என்ன என்பவை அந்த அளவுகோலில் அடங்கும். சொத்து பெரும்பாலும் ஆண்கள் பெயரிலும், மாவட்டச் செயலாளர் பதவி ஏறத்தாழ முழுவதும் ஆண்கள் கையிலும் இருக்கும் வரை, அந்த அறைக்குள் பெண்ணியத்தை யாரும் வாய்திறந்து எதிர்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை.