வீட்டுக் கதவு முதல் அலுவலக நாற்காலி வரை

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்குக் காரில் போவதா, ரயிலிலோ பேருந்திலோ போவதா என்ற கேள்வியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஊர் நம்முடையது. 1995-இல் பறக்கும் ரயிலும் 2015-இல் மெட்ரோவும் வந்தன. அப்படியிருந்தும், கத்திப்பாரா சாலைச் சந்திப்பைக் காலையில் கடக்கும் கார்களில் பலவற்றில் ஓட்டுபவர் மட்டுமே அமர்ந்திருக்கிறார். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். கணக்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் தடுமாற்றம்.

எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் வசிக்கும் ஒரு பெண்மணிக்குக் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை. காரும் இருக்கிறது, நடக்கும் தொலைவில் ரயில் நிலையமும் இருக்கிறது. எது நல்லது என்று அவர் கேட்டபோது, வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்தையும் அலுவலக நாற்காலியில் உட்காரும் நேரத்தையும் சில வாரங்கள் குறித்து வையுங்கள் என்றேன். கார் எடுத்த நாள், ரயிலில் போன நாள் இரண்டையும், தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். கார் சில நாள் அரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. மழை பெய்த ஒரு நாளில் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. ரயில் நாள்களோ, நடப்பதும் காத்திருப்பதும் சேர்த்து, அநேகமாக எல்லாமே ஐம்பது நிமிடத்தை ஒட்டியே இருந்தன.

இங்கேதான் நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். "காரில் அரை மணி நேரம்தான்" என்று நாம் சொல்வது நல்ல நாளின் கணக்கு. ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவில் விரல் வைக்க வேண்டியவர் நல்ல நாளை நம்பிப் புறப்பட முடியாது. மோசமான நாளை மனத்தில் வைத்தே கிளம்ப வேண்டும். ஆகவே ஒப்பிட வேண்டியது இரண்டின் மோசமான நாள்களை. திரும்பவும் சொல்கிறேன், மோசமான நாள்களை. ரயிலும் சில நாள் நின்றுபோகும் என்பது உண்மையே. அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

செலவிலும் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறோம். கார் வாங்கலாமா என்று யோசிப்பவர் கடன் தவணை, காப்பீடு, பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வாங்கிவிட்டவருக்கோ, கார் வாசலில் நின்றாலும் தவணையும் காப்பீடும் போகத்தான் போகின்றன. இன்று வண்டியை எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பெட்ரோலும் நிறுத்துமிடக் கட்டணமும் தேய்மானமும் போதும். அப்படிக் குறைத்துப் பார்த்தாலும், குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு ஐந்து ரூபாய் டிக்கெட்டோடு அது போட்டியிட முடியாது.

ஆனால், அந்தப் பெண்மணியின் தாள்களில் என் மனத்தை உறுத்திய குறிப்பு வேறு. நிலையத்திலிருந்து அலுவலகம் வரையிலான நடையைப் பற்றி, "நடைபாதை இல்லை, வண்டிகளுக்கு நடுவே நடந்தேன்" என்று பல தாள்களில் எழுதியிருந்தார். நடைபாதை இருக்கும் இடத்திலும் அதில் மின்மாற்றிப் பெட்டியும் இரு சக்கர வாகனங்களும் நிற்கின்றன. ரயில் எவ்வளவு விரைவாக ஓடினாலும், இறங்கியபின் உள்ள அந்த அரைக் கிலோமீட்டர் பயமில்லாமல் நடக்கும்படி இல்லையென்றால், கார் வைத்திருப்பவர் காரைத்தான் எடுப்பார். பல கிலோமீட்டருக்கு மெட்ரோ கட்டும் நகரம், ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் நடைபாதையை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்று நான் செல்லுமிடமெல்லாம் சொல்லிவருகிறேன், இங்கும் சொல்கிறேன்.

நேரம் முடிவதாகக் குறிப்புக் காட்டுகிறார்கள். இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்களைப் பற்றியும், முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோரைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அவர்களுக்குக் கார்தான் சரி என்றால், தயங்காமல் காரையே எடுக்கட்டும். மற்றவர்கள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ரயிலையோ பேருந்தையோ முயன்று, நேரத்தைக் குறித்துப் பாருங்கள். வணக்கம்.