"உன் நிஜப் பேர் என்ன?"

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். இந்தத் தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "குழந்தைகளும் வருவாங்களே சார்" என்றார். சரி என்று அழைப்பிதழிலேயே 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போட்டோம். அதனாலோ என்னவோ, இன்று வழக்கத்தைவிடக் கூட்டம் கொஞ்சம் அதிகம்.

வெப்கேம் முன்னால் உட்கார்ந்து, வயது வந்தோருக்கான நேரலை நடத்திச் சம்பாதிக்கிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தத் தொழில் சரியா தப்பா என்ற வழக்கை இன்று எடுக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. அந்த நேரலைகளில் பார்க்கிறவர்கள் சலிக்காமல் கேட்கிற கேள்வி: "உன் நிஜப் பேர் என்ன? எந்த ஊரு?"

கேட்கிறவர் பெரும்பாலும் பிரியமாகத்தான் கேட்கிறார். காசு போட்டிருக்கிறார், தினமும் வருகிறார், கொஞ்சம் நெருக்கம் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் நேரலையில் ஒரு பெண் வைத்துக்கொள்ளும் பொய்ப் பெயர் இருக்கிறதே, அதுதான் அவள் வீட்டுக் கதவு. புனைபெயர் நமக்குப் புதிதா? ரங்கராஜன் தன் மனைவி சுஜாதாவின் பெயரில் எழுதினார். ஏமாற்றிவிட்டார் என்று யாரும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. ஆனால் எழுத்தாளரின் நிஜப் பெயர் தெரிந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவர்களுக்கு வாடகை வீடு போகும், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், பகல் நேர வேலை ஒன்று இருந்தால் அதுவும் போகும்.

இந்த வழிக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்வார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்த ஜெனிஃபர் ரிங்லி. 1996-இல் தன் விடுதி அறையில் ஒரு கேமராவை வைத்தார். சில நிமிடங்களுக்கு ஒரு படம் தானாக இணையத்துக்குப் போகும். தூங்குவது, படிப்பது, சில நேரம் ஆடையில்லாமல் இருப்பது எல்லாம் அதில் வந்தது. 2003-ஆம் ஆண்டின் கடைசியில் அதை மூடிவிட்டு, இணையத்தின் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழப் போனார். ஏழு வருடம் இரவு பகலாகத் திறந்து வைத்தவருக்கும் ஒருநாள் மூட வேண்டும் என்று தோன்றியது, மூடினார். கவனியுங்கள், அவர் சொந்தப் பெயரிலேயே வந்தார். பின்னால் இதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை. காரணம் இருக்கிறது.

இன்று இந்தத் தொழில் பெரிதாக நடக்கும் இடங்களில் ஒன்று கொலம்பியா. பொகோட்டா, மெதெயீன், காலி நகரங்களில் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. ஒரு கட்டடத்தில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் கட்டில், விளக்கு, கணினி. அங்கே இவர்களை 'மாடல்' என்றுதான் சொல்வார்கள். பார்க்கிறவர் காசு கொடுத்து இணையதளத்தின் டோக்கன் வாங்கிப் போடுகிறார். அதில் இணையதளம் ஒரு பங்கு, ஸ்டுடியோ ஒரு பங்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை இவர்களுக்குக் கொடுக்கும். 2024 டிசம்பரில் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு அங்கே விசாரித்து எழுதியதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று: மாடல் வேலையை விட்டுப் போனாலும் அவர் பெயரில் நேரலை நடக்கும் இணையதளக் கணக்கு ஸ்டுடியோவிடமே தங்கிவிடுகிறதாம். வேறு ஆளை உட்காரவைத்து அதையே ஓட்டுகிறார்களாம். ஆள் போயாச்சு, பெயர் மட்டும் இன்னும் வேலை பார்க்கிறது.

அதே நாட்டில் கர்ப்பமானதும் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு மாடல் வழக்குப் போட்டார். 2021-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், இவரும் தொழிலாளிதான், பேறுகால உரிமை இவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரிந்தது வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் ஓர் உழைப்பாளி. அவ்வளவுதான்.

சரி, பெயருக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1988-இல் ஒரு சட்டம் வந்தது. இப்படிப்பட்ட படங்களை எடுக்கிறவர்கள், நடிப்பவரின் உண்மைப் பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் வாங்கிப் பதிந்து வைக்க வேண்டும். சிறுவர் சிறுமியர் உள்ளே இழுக்கப்படக் கூடாது என்பதற்காக. நல்ல சட்டம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால், ஒளித்து வைக்க வேண்டிய பெயர் ஒரு கம்பெனியின் பீரோவில் போய் உட்காருகிறது. 2020 ஜனவரியில் அப்படி ஒரு பீரோ பூட்டாமல் கிடந்தது. ஒரு வெப்கேம் நிறுவனத்தின் சேமிப்பில், நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், கையெழுத்து, அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த படம் எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலையில் இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அது கவனக்குறைவு என்று வைத்துக்கொள்வோம். 2016-இல் ரஷ்யாவில் நடந்தது வேறு ரகம். ஃபைண்ட்ஃபேஸ் என்று ஒரு செயலி வந்தது. முகத்தைக் காட்டினால் அங்கே எல்லோரும் வைத்திருக்கும் சமூக வலைதளத்தில் அந்த ஆளைத் தேடிக் கொடுக்கும். வந்த சில வாரங்களிலேயே ஒரு கூட்டம் கிளம்பி, ஆபாசப் படங்களில் நடித்த பெண்களின் முகத்தை அதில் போட்டு, நிஜப் பெயரைக் கண்டுபிடித்து, அவர்களின் கணவருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் படங்களை அனுப்பியது. அனுப்பியவர்கள் யாரும் அந்தப் பெண்களை முன்பின் அறியாதவர்கள். என்ன லாபம்? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்களில் சிலர் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. "ஊரே பார்க்கக் காட்டிட்டு அப்புறம் என்ன அந்தரங்கம்?" இதே வாதம் நம் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் வந்திருக்கிறது. மகாராஷ்டிராவில் ஒரு காவல் ஆய்வாளர் ராத்திரியில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்து பலவந்தம் செய்யப் பார்த்தார் என்று புகார். அவள் ஒழுக்கம் கெட்டவள், அவள் பேச்சை நம்பலாமா என்று உயர் நீதிமன்றம் ஆய்வாளர் பக்கம் சாய்ந்தது. 1990-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அப்படிப்பட்டவள் என்றே வைத்துக்கொண்டாலும் அவளுக்கும் அந்தரங்கம் உண்டு, நினைத்தவர் நினைத்த நேரத்தில் அங்கே நுழைய முடியாது என்றது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் பயன்படுத்திய சொல்லை இன்று நான் மேடையில் சொல்ல மாட்டேன், ஆனால் தீர்ப்பு சரியானது.

2013-இல் நம் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த இன்னொரு பிரிவு இதைவிடக் கறாரானது. ஒரு பெண் தன்னைப் படமெடுக்கச் சம்மதித்திருக்கலாம். அதை மூன்றாம் ஆளுக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அனுப்புவது குற்றம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே தொடர்கிறது. ஒரு சம்மதத்தைக் காட்டி இன்னொன்றை எடுத்துக்கொள்ள முடியாது. நேரலையைத் திருட்டுத்தனமாகப் பதிந்து நண்பர்கள் குழுவில் போடுகிறவர்கள் இந்த இரண்டு வரியையாவது படிக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு தம்பி தனியாக வந்து கேட்டார். "சார், தெரிஞ்சவங்களை அப்படி எங்கேயாவது பார்த்துட்டா என்ன பண்றது?" அங்கே நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று நான் கேட்கவில்லை, அது அவர் அந்தரங்கம். பக்கத்தை மூடு, படம் பிடிக்காதே, வீட்டில்கூடச் சொல்லாதே என்றேன். "நாளைக்குத் தெருவுல எதிர்ல வந்தா?" என்றார். இதற்கு முன்பெல்லாம் தெருவில் பார்த்தால் என்ன கேட்பாய் என்றேன். கொஞ்சம் யோசித்து, "சாப்டாச்சாக்கான்னு கேப்பேன்" என்றார்.

அதையே கேளு தம்பி என்றேன்.

நன்றி, வணக்கம்.