ஏலக்காரர் யார் பக்கம்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்தச் சாயங்கால நெரிசலில் மாம்பலம் வரை வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"இணைய விளம்பரத்தின் வளர்ச்சி வாழவைப்பது சிறு வணிகரையா, பெரு நிறுவனங்களையா?" இதுதான் இன்றைய தலைப்பு. பெரு நிறுவனங்களையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, கையில் 100 ரூபாய் இருந்தால் போதும், ரங்கநாதன் தெருப் பெரிய கடைக்கும் சந்துக் கடைக்கும் செல்போன் திரையில் ஒரே இடம்தான் என்றார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

அந்தப் பாதியை என் சித்தி வீட்டிலேயே பார்த்தேன். மேற்கு மாம்பலத்தில் முறுக்கு, தட்டை, சீடை போட்டு விற்கிறார். முன்பெல்லாம் ஆடி பிறந்ததும் பேப்பர் போடும் பையனிடம் பிட் நோட்டீஸ் கட்டைக் கொடுப்பார். நாலு தெரு தாண்டாது. அப்புறம் என் தம்பி போனில் விளம்பரம் போடச் சொல்லிக்கொடுத்தான். முதல் மாதமே அடையாறிலிருந்து ஆர்டர், அண்ணா நகரிலிருந்து ஆர்டர். சித்தி மாவு கையோடு வந்து போனை எட்டிப் பார்ப்பார்.

கோகுலாஷ்டமி வந்தது. சீடைக்கு அதைவிட நல்ல வாரம் கிடையாது. வழக்கம்போல 100 ரூபாய் போட்டார். காலை 11 மணிக்குள் பணம் தீர்ந்துவிட்டது, ஒரு ஆர்டர்கூட வரவில்லை. மறுநாள் 300 போட்டார். அதுவும் போனது. சீடை டப்பாவில் அப்படியே இருந்தது. என்ன நடந்தது? அதே வாரத்தில், அதே மாம்பலத்து ஆட்களின் கண்ணில் பட, பெரிய இனிப்புக் கடைகளும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆப்களும் பணத்தைக் கொட்டின. இங்கே விளம்பரத்துக்கு நிலையான விலை கிடையாது. ஒவ்வொரு முறையும் ஏலம்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். மீன் கூடையில் கண்முன்னால் கிடக்கும். யார் எவ்வளவு கேட்டார் என்று எல்லோர் காதிலும் விழும். செல்போனில் நடக்கும் ஏலம் அப்படி இல்லை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து, அது திரையில் வருவதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே கூடையில் கிடப்பது உங்கள் கவனம். எதிரில் கேட்டவர் யார், என்ன விலைக்குக் கேட்டார் என்று சித்திக்குக் கடைசிவரை தெரியாது. காசு மட்டும் இல்லை, விளம்பரத்தின் தரத்தையும் பார்க்கிறோம் என்பார்கள். சரி, பார்க்கிறார்கள். அந்தத் தரத்துக்கு மதிப்பெண் போடுவதும் அதே ஏலக்காரர்தானே?

இன்னொன்று. ஒருநாள் சித்தி தன் கடைப் பெயரையே தேடிப் பார்த்தார். முதலில் வந்தது வேறொரு கம்பெனியின் முறுக்கு! அடுத்தவர் பெயரை யாராவது தேடினால் தன் விளம்பரம் வரும்படி, அந்தப் பெயரைத் தேடுசொல்லாகக் காசு கொடுத்து வாங்கலாம். வாடிக்கையாளருக்குக் குழப்பம் உண்டாகாதவரை அதுமட்டுமே வர்த்தகப் பெயர் மீறல் ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. அதனால் இப்போது சித்தி தன் பெயருக்கும் காசு கட்டுகிறார். இருபது வருடம் அடுப்பருகே நின்று சம்பாதித்த பெயர் அது.

ஆரம்பத்தில் இது இப்படி இல்லை. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்ற இணையதளத்தில் முதல் பேனர் விளம்பரங்கள், அதாவது பக்கத்தில் பட்டையாகத் தெரியும் விளம்பரங்கள், வந்தபோது, பேப்பரில் இடம் பிடிப்பதைப் போலத்தான் இடம் விற்றார்கள். 2000இல் கூகுள் தேடுசொல் விளம்பரத்தைத் தொடங்கியது. 2007இல், தளங்களுக்கு விளம்பரம் பரிமாறும் டபுள்கிளிக் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. விளம்பர இடம் விற்பவருக்கான கருவி, அதை வாங்குபவருக்கான கருவி, நடுவில் சந்தை என மூன்றும் ஒரே வீட்டுக்குள் வந்தன. காசிமேட்டில் ஏலம் விடுபவரே படகுக்காரருக்கும் ஆள், வியாபாரிக்கும் ஆள் என்றால் அந்தத் துறைமுகம் ஒத்துக்கொள்ளுமா?

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை. 2025 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, தளங்களுக்கான விளம்பரக் கருவியிலும் விளம்பரச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று தீர்ப்புச் சொன்னார். விளம்பரம் கொடுப்பவர்களுக்கான வலையமைப்பிலும் ஏகபோகம் என்ற குற்றச்சாட்டை மட்டும் அவர் ஏற்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பணம் எங்கே போகிறது? 2024இல் கூகுளின் விளம்பர வருமானம் 26,400 கோடி டாலருக்கு மேல். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவுக்கு ஏறத்தாழ 16,000 கோடி டாலர். இங்கே சம்பாதித்து வெளிநாட்டில் கணக்குக் காட்டுகிறார்களே என்றுதான் 2016இல் நம் அரசு, வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் இணைய விளம்பரப் பணத்தின் மேல் 6 சதவீத வரி போட்டது. அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் போய்விட்டது. உலகமயமான சந்தையில் அவர்கள் பேரம் பேச ஒரு நாடே பின்னால் நிற்கிறது. சித்திக்குப் புகார் சொல்ல ஒரு போன் நம்பர்கூடக் கிடைக்கவில்லை. ஒரு படிவம் கிடைத்தது, அதற்குப் பதில் வரவில்லை.

எதிரணித் தோழி கடைசியாக ஒன்று கேட்டார்: "விளம்பரம் இல்லாவிட்டால் தேடலும் வரைபடமும் நமக்கு இலவசமாகக் கிடைக்குமா?" இலவசம் என்று யார் சொன்னது, தோழி? போன வருடம் சித்தி அரைக் கிலோ முறுக்குக்கு 10 ரூபாய் ஏற்றினார். எண்ணெய் ஏறிவிட்டதா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுக் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டினார். அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் மாதம் பிறந்ததும் எடுத்து வைத்தே ஆகவேண்டிய பணம். அங்கே இரண்டே வரி. முதல் வரி, கடை வாடகை. அதன் கீழே, அவர் கையெழுத்தில், "போன் விளம்பரம்". நடுவர் அவர்களே, இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பெரிய தொகை. நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், தீர்ப்புக்கு முன் பாருங்கள். வணக்கம்.